ஃபேன்டஸி, ரொமான்ஸ் நாவல்களுக்குள் புதிதாக நுழைகிறவர்களுக்கு

சமீபத்தில் வந்த ஃபேன்டஸி, ரொமான்ஸ் நாவல்களைப் பற்றி யாரிடம் கேட்டாலும் பெரும்பாலும் இரண்டு பதில்தான் வரும். ஒன்று, "படிச்சே ஆகணும், கையில எடுத்தா கீழ வைக்க முடியாது." இன்னொன்று, "எல்லாம் ஒரே கதை, பேரை மாத்தி மாத்தி எழுதுறாங்க." புதிதாகத் தொடங்குகிறவருக்கு இரண்டாலும் ஒரு பிரயோஜனமும் இல்லை. இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது என்பது வேறு விஷயம்.

நான் பார்த்தவரை, ஒருவருக்கு இந்த வகை நாவல் பிடிக்காமல் போனால் அந்த நாவல் மோசம் என்பது அபூர்வமாகத்தான் காரணமாக இருக்கும். காதல் கதை வேண்டும் என்று நினைத்தவர் கையில் நாலு ராஜ்யங்களின் எல்லைத் தகராறு போய்ச் சேர்கிறது. போரும் மாயமும் வேண்டும் என்றவர் கையில் பக்கம் பக்கமாக நாயகனின் தோள்பட்டை வர்ணனை போய்ச் சேர்கிறது. இருவரும் பாதியில் மூடிவைத்துவிட்டு, இது நமக்கு ஒத்துவராது என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆகவே கீழே சொல்லப்போகிற பெரும்பாலானவை ஒரே வேலைக்காகத்தான்: திறப்பதற்கு முன்னாலேயே அது எந்த மாதிரிப் புத்தகம் என்று கண்டுபிடிப்பது. ஆங்கிலத்தில் கடந்த பத்துப் பன்னிரண்டு வருடங்களில் வந்தவற்றைத்தான் உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பெரிய திருப்பங்கள் எதையும் உடைக்கப்போவதில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

முதல் படி: கதையை இழுத்துப் போவது காதலா, உலகமா?

ஃபேன்டஸியும் ரொமான்ஸும் கலந்த நாவல்கள் இப்போது ஒரு தனிச் சந்தையாகவே ஆகிவிட்டன. ஆனால் கலவை எல்லாவற்றிலும் ஒரே விகிதத்தில் இருப்பதில்லை, அதை அட்டையும் சொல்வதில்லை. ஒரு எளிய சோதனை இருக்கிறது. பின்னட்டைக் குறிப்பைப் படித்துவிட்டு, அந்தக் கதையிலிருந்து காதலை மட்டும் மனதில் எடுத்துவிட்டுப் பாருங்கள். என்ன மிச்சம் இருக்கிறது?

ரெபெக்கா யாரோஸின் 'ஃபோர்த் விங்' (2023) என்ற நாவலை எடுத்துக்கொள்வோம். டிராகன் ஓட்டிகளைத் தயார்செய்யும் போர்க் கல்லூரி, அங்கே சேர விருப்பமே இல்லாத, உடல் பலவீனமான வயலட் என்ற பெண், அவளை வெறுக்க எல்லாக் காரணமும் உள்ள ஸேடன். இதில் காதலை எடுத்துவிட்டால் தேர்வுகளும் சாவுகளும் மிஞ்சும், ஆனால் கதையின் முதுகெலும்பு போய்விடும். டிராகன்கள் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தன, குறிப்பாக டேர்ன் என்ற அந்தக் கோபக்கார டிராகனின் பேச்சு. ஆனாலும் என் கணக்கில் இது போர்க் கதை வேஷம் போட்ட காதல் நாவல். அப்படி நினைத்துக்கொண்டு படித்தால் இரண்டு நாளில் பறக்கும். ராணுவ வியூகத்தில் ஓட்டை தேடிக்கொண்டே படித்தால் இருபதாம் பக்கத்திலிருந்தே தலைவலி.

தாஷா சூரியின் 'தி ஜாஸ்மின் த்ரோன்' (2021) இதற்கு நேர்மாறு. இந்தியச் சாயல் கொண்ட ஒரு பேரரசு, சிறை வைக்கப்பட்ட இளவரசி மாலினி, அவளுக்குப் பணிவிடை செய்ய வரும் பிரியா. இருவருக்கும் இடையே காதல் இருக்கிறது, அது அழுத்தமாகவும் இருக்கிறது. ஆனால் அதை எடுத்துவிட்டாலும் பேரரசு உடையத்தான் செய்யும், கோயிலின் பழைய சக்தி விழிக்கத்தான் செய்யும். இது காதல் உள்ள ஃபேன்டஸி. 2022இல் உலக ஃபேன்டஸி விருது வாங்கிய நாவல். மெதுவாகத்தான் நகரும், பார்வைக் கோணங்கள் நிறைய. முதல் புத்தகமாக இதை எடுக்கச் சொல்லமாட்டேன். மூன்றாவதாக எடுங்கள்.

ரொமான்ஸ் என்ற பெயரில் விற்கும் நாவல்களுக்கு ஒரு எழுதப்பட்ட விதியே உண்டு. அமெரிக்க ரொமான்ஸ் எழுத்தாளர்கள் சங்கத்தின் வரையறைப்படி இரண்டு விஷயங்கள் இருக்கவேண்டும்: கதையின் மையம் காதலாக இருக்கவேண்டும், முடிவு மனசுக்கு நிறைவாக, நம்பிக்கையாக இருக்கவேண்டும். ஆகவே "கடைசியில சேர்ந்துடுவாங்கன்னு முன்னாடியே தெரியுதே" என்று குறை சொல்வது துப்பறியும் கதையில் குற்றவாளி பிடிபடுகிறானே என்று குறை சொல்வது மாதிரி. சேர்வார்களா என்பது கேள்வியே இல்லை, எப்படி என்பதுதான் கேள்வி. ஆனால் இந்த உத்தரவாதம் ஃபேன்டஸி அலமாரியில் இருக்கும் புத்தகத்துக்குப் பொருந்தாது. அங்கே காதலர்கள் பிரியலாம், சாகலாம், முதல் பாகத்தின் காதலன் அடுத்த பாகத்தில் வேறு ஆளாகத் தெரியலாம். அழுதுகொண்டே தூங்கப் போக விருப்பமில்லாதவர்கள் இதை முதலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: தொடர் முடிந்துவிட்டதா என்று பாருங்கள்

இது சின்ன விஷயம் மாதிரித் தெரியும், இல்லை. புதியவர்களை அதிகம் கடுப்பேற்றுவது இதுதான். 'ஃபோர்த் விங்' 2023 மே மாதம் வந்தது, அடுத்தது 'அயர்ன் ஃப்ளேம்' அதே வருடம் நவம்பரில், மூன்றாவது 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' 2025 ஜனவரியில். மொத்தம் ஐந்து பாகம் என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். மூன்றாவது பாகம் முடிகிற இடம் அந்தரம். அந்தரத்தில் தொங்குவது சிலருக்குச் சுகம், அடுத்த பாகம் வரும்வரை ஊகம் பேசிக்கொண்டே இருப்பார்கள். அந்தப் பொறுமை இல்லை என்றால் முடிந்த கதையாகப் பார்த்து எடுங்கள்.

முடிந்துபோனவற்றில் ஒற்றை நாவலாக நிற்பவை புதியவர்களுக்கு மிக நல்லது. நவோமி நோவிக்கின் 'அப்ரூட்டட்' (2015) ஒரே புத்தகம். மாயக் காடு ஒன்று ஊரை விழுங்கிக்கொண்டே வருகிறது, அதைத் தடுக்க ஒரு கோபுரத்து மந்திரவாதி, அவன் வேலைக்கு எடுக்கும் ஒரு கிராமத்துப் பெண். காடுதான் இதன் நாயகன் என்பேன், காதல் பகுதி எனக்குக் கொஞ்சம் அவசரமாகத் தெரிந்தது. ஆனால் அந்தக் காடு! அவரே எழுதிய 'ஸ்பின்னிங் சில்வர்' (2018) இன்னும் நல்ல நாவல் என்பது என் கட்சி, ஆனால் அதில் கதைசொல்லிகள் மாறிக்கொண்டே இருப்பார்கள், யார் பேசுகிறார் என்று தலைப்பில் பெயரும் போட்டிருக்காது, நாம்தான் குரலை வைத்துக் கண்டுபிடிக்கவேண்டும். பழகினபிறகு அதுவே ருசி.

இரண்டே பாகத்தில் முடிகிறவை அடுத்த நல்ல தேர்வு. ரெபெக்கா ராஸின் 'டிவைன் ரைவல்ஸ்' (2023), அதன் தொடர்ச்சி 'ரூத்லெஸ் வவ்ஸ்' (அதே வருடம்). ஒரே பத்திரிகையில் பதவிக்குப் போட்டிபோடும் இரண்டு இளம் நிருபர்கள், தெய்வங்களுக்குள் நடக்கும் போர், கதவிடுக்கில் போட்டால் வேறொருவருக்குப் போய்ச் சேரும் தட்டச்சுக் கடிதங்கள். கடிதம் எழுதுவது யார் என்று ஒருவருக்குத் தெரியும், இன்னொருவருக்குத் தெரியாது, அந்தச் சமமின்மையில்தான் முதல் பாதி நிற்கிறது. தெய்வங்களின் போர் ஏன் நடக்கிறது என்று யோசிக்க ஆரம்பித்தால் கொஞ்சம் பலவீனமாகத் தெரியும். கடிதங்களுக்காக மன்னித்துவிடலாம்.

சாரா ஜே. மாஸ் பக்கம் போகிறவர்களுக்கு வரிசை முக்கியம். 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்' (2015) தொடரில் முதல் மூன்று பாகம் ஒரு முழுக்கதை. நாலாவதாக 2018இல் வந்தது மெல்லிய புத்தகம், ஒரு இடைவேளை மாதிரி. 2021இல் வந்த அடுத்தது வேறு நாயகியின் கதை. மூன்றோடு நிறுத்திக்கொண்டாலும் யாரும் கேட்கமாட்டார்கள். அவருடைய இன்னொரு தொடரான 'க்ரெசன்ட் சிட்டி'க்கு இதைப் படித்துவிட்டுத்தான் போகவேண்டும், இரண்டு உலகங்களும் ஒரு கட்டத்தில் உரசிக்கொள்கின்றன. 'த்ரோன் ஆஃப் க்ளாஸ்' தொடரில் ஐந்தாவது, ஆறாவது புத்தகங்கள் ஒரே காலகட்டத்தில் இரண்டு இடங்களில் நடப்பவை. அவற்றை அத்தியாயம் மாற்றி மாற்றிச் சேர்த்துப் படிக்கிற பழக்கம் ரசிகர்களிடம் உண்டு. முதல் தடவை படிக்கிறவர்கள் அந்த வம்புக்குப் போகவேண்டாம், வந்த வரிசையிலேயே படியுங்கள்.

மூன்றாம் படி: உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கக் கூச்சப்படாதீர்கள்

படுக்கையறைக் காட்சிகள் எவ்வளவு, எவ்வளவு வெளிப்படையாக என்பதை ஆங்கில வாசகர்கள் 'ஸ்பைஸ்' என்று சொல்லி மிளகாய்ப் படம் போட்டு அளக்கிறார்கள். சிரிப்பாக இருந்தாலும் உபயோகமான அளவுகோல். இங்கே அட்டையை நம்பவே கூடாது. கார்ட்டூன் படம் போட்ட, இளஞ்சிவப்பு நிற அட்டைக்குள் ரொம்ப வெளிப்படையான காட்சிகள் இருக்கும். கறுப்பு அட்டை, கத்தி, ரத்தம், மண்டையோடு என்று பயமுறுத்தும் புத்தகத்தில் ஒரே ஒரு முத்தம்தான் இருக்கும். ஹாலி ப்ளாக்கின் 'தி க்ரூயல் பிரின்ஸ்' (2018) கொலையும் ரத்தமும் நிறைந்த கதை, ஆனால் முத்தத்தைத் தாண்டாது, அது இளையோருக்கான நாவல். மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்' தொடர் முதலில் இளையோர் அலமாரியில்தான் இருந்தது, பிறகுதான் புது அட்டை போட்டுப் பெரியவர்கள் பக்கம் நகர்த்தினார்கள். பழைய அட்டையைப் பார்த்துப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குப் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள்.

காட்சிகள் மட்டுமல்ல. வன்முறை, கடத்தல், சம்மதமில்லாத உறவு இதெல்லாம் சில நாவல்களில் கதையின் மையமாகவே இருக்கும். 'டார்க் ரொமான்ஸ்' என்று ஒரு பிரிவே இருக்கிறது, அதில் நாயகன் செய்வது நிஜத்தில் போலீஸ் வழக்காகும் காரியங்கள். அதைத் தெரிந்து விரும்பிப் படிப்பவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நான் கேள்வி கேட்கமாட்டேன். ஆனால் தெரியாமல் போய் மாட்டிக்கொள்வது வேறு. பல ஆசிரியர்கள் முதல் பக்கங்களிலேயே எச்சரிக்கைப் பட்டியல் தருகிறார்கள், ஸ்டோரிகிராஃப் தளத்தில் வாசகர்களே ஒவ்வொரு புத்தகத்துக்கும் அப்படிப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். ஒரு நிமிடம் செலவழித்துப் பார்த்துவிடுங்கள். இருட்டான ஃபேன்டஸி வேறு, இருட்டான ரொமான்ஸ் வேறு என்பதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் உலகம் கொடூரமானது, இரண்டாவதில் காதலனே கொடூரமானவன்.

நான்காம் படி: நட்சத்திரங்களை எப்படிப் படிப்பது

வாசகர்கள் மதிப்பெண் போடும் குட்ரீட்ஸ் தளத்தில் நாலரை நட்சத்திரம் என்று பார்த்தவுடன் மயங்காதீர்கள். முக்கியமாகத் தொடர்களில். முதல் பாகத்தைவிட மூன்றாம் பாகத்துக்கு மதிப்பெண் கூடுதலாக இருப்பதை அடிக்கடி பார்க்கலாம். மூன்றாம் பாகம் உசத்தி என்று அர்த்தமில்லை, முதல் பாகம் பிடிக்காதவர்கள் மூன்றாவதுக்கு வருவதேயில்லை, அவ்வளவுதான். மிஞ்சியவர்கள் எல்லாம் ரசிகர்கள், ரசிகர்கள் ஐந்து போடுவார்கள். அதனால் தொடரை எடைபோட முதல் பாகத்தின் மதிப்பெண்ணைப் பாருங்கள். இன்னொன்று, வெளியான வாரத்திலேயே வரும் மதிப்புரைகள் பலவும் முன்பிரதி வாங்கிப் படித்தவர்களும் ஏற்கெனவே மயங்கிக் கிடப்பவர்களும் எழுதியவை. 'ஆனிக்ஸ் ஸ்டார்ம்' வந்த முதல் வாரத்தில் 27 லட்சம் பிரதிகளுக்கும் மேல் விற்றது. அந்த எண் காத்திருந்த கூட்டத்தின் அளவைச் சொல்கிறது. புத்தகத்தின் தரத்தைச் சொல்ல அந்த வாரத்தில் யாருக்குத்தான் நேரம் இருந்தது?

ஐந்து நட்சத்திரத்தையும் ஒற்றை நட்சத்திரத்தையும் விட்டுவிட்டு நடுவில் இருக்கும் மூன்று நட்சத்திர மதிப்புரைகளைப் படியுங்கள். எது வேலை செய்தது, எது செய்யவில்லை என்று அவர்கள்தான் பொறுமையாகச் சொல்லியிருப்பார்கள். அங்கே ஒருவர் குறையாகச் சொல்வது உங்களுக்கு நிறையாகவும் இருக்கலாம். "முதல் முத்தத்துக்கே முந்நூறு பக்கம் ஆகுது" என்று ஒருவர் புலம்பியிருந்தால், மெதுவாக எரியும் காதல் பிடித்தவருக்கு அதுவே விளம்பரம்.

ட்ரோப், அதாவது பல கதைகளில் திரும்பத் திரும்ப வரும் அமைப்பு, அந்தப் பட்டியலைப் பற்றியும் சொல்லவேண்டும். பகைவர்கள் காதலர்களாவது, பொய்க் காதல் நாடகம், ஒரே கட்டில்தான் இருக்கிறது, சிடுமூஞ்சியும் சிரித்த முகமும் இப்படிப் புத்தகங்களை இப்போது ட்ரோப் வைத்தே விற்கிறார்கள். அம்புக்குறி போட்ட விளம்பரப் படம் பார்த்திருப்பீர்கள். தேடுவதற்கு வசதிதான், தரத்துக்கு அது சாட்சி இல்லை. பகைவர்கள் காதலர்களாவது என்று சொல்லப்படும் பல நாவல்களில் பகையே இருக்காது. முதல் அத்தியாயத்தில் இரண்டு தடவை முறைத்துக்கொள்வார்கள், மூன்றாம் அத்தியாயத்தில் கண்ணின் நிறத்தை வர்ணிக்க ஆரம்பித்துவிடுவார்கள். நிஜப் பகை வேண்டுமென்றால் அதே 'தி க்ரூயல் பிரின்ஸ்' பாருங்கள். ஜூட் என்ற மனுஷப் பெண் தன் பெற்றோரைக் கொன்றவன் வீட்டிலேயே வளர்கிறாள், ஃபே என்ற மாய இனத்தாரின் அரசவையில் தினம் அவமானப்படுகிறாள், அவமானப்படுத்துகிற இளவரசன் கார்டன் நிஜமாகவே கெட்டவனாக நடந்துகொள்கிறான். அந்த உலகத்தில் ஃபேக்களால் பொய் சொல்ல முடியாது, மனுஷர்களால் முடியும். ஒரு சின்ன விதி, ஆனால் அரசியல், காதல், துரோகம் எல்லாமே அதிலிருந்து முளைக்கிறது. உலகத்தை உருவாக்குவது என்றால் இதைத்தான் சொல்வேன். வரைபடம் எத்தனை பக்கம் என்பது அல்ல.

ஐந்தாம் படி: முதல் நூறு பக்கத்தைக் கடப்பது

வரைபடத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். பெயர்ப்பட்டியல் பின்னால் இருந்தால் இருக்கட்டும், பரீட்சை எழுதப் போவதில்லை. முக்கியமான ஆள் என்றால் ஆசிரியர் திரும்பத் திரும்பக் கொண்டுவருவார், அப்போது தானாகப் பதிந்துவிடும். பெயர் உச்சரிப்பில் தடுமாறினால் ஆடியோ புத்தகத்தின் முதல் ஐந்து நிமிட மாதிரியைக் கேளுங்கள். மாஸின் 'எ கோர்ட் ஆஃப் தார்ன்ஸ் அண்ட் ரோஸஸ்' நாயகி பெயரை ஆங்கில எழுத்தில் பார்த்துப் பலவிதமாகப் படிக்கிறார்கள், அது ஃபேரா. நீங்கள் வேறு மாதிரி படித்தாலும் கதை ஒன்றும் கெட்டுப்போகாது.

மின்புத்தகமாகப் பார்த்தால் இலவச மாதிரி கிடைக்கும். அதைப் படிக்கும்போது கதையைவிடக் குரலைக் கவனியுங்கள். பெரும்பாலான ரொமான்ஸ் கலந்த ஃபேன்டஸி இப்போது 'நான்' என்று நாயகியே சொல்வதாக வருகிறது. அந்தக் குரலோடு ஐந்நூறு பக்கம் இருக்க முடியுமா? எரிச்சல் வந்தால் அங்கேயே விட்டுவிடலாம், கதை நன்றாக இருந்தாலும் குரல் மாறப்போவதில்லை. குரலுக்காகவே படிக்கவேண்டிய ஒன்று ஹெதர் ஃபாசெட்டின் 'எமிலி வைல்ட்ஸ் என்சைக்ளோபீடியா ஆஃப் ஃபேரீஸ்' (2023). ஃபேக்களை ஆராயும் ஒரு பேராசிரியையின் நாட்குறிப்பு, அடிக்குறிப்புகளோடு. மனிதர்களோடு பழகத் தெரியாத, தன் புத்திசாலித்தனத்தில் சந்தேகமே இல்லாத, உள்ளூரப் பாசமான ஒரு பெண்மணி. அவள் புத்திசாலி என்று யாரும் நமக்குச் சொல்வதில்லை, அவள் குறிப்பெடுக்கிற விதத்திலேயே தெரிகிறது. நிறைய நாவல்களில் நாயகி அறிவாளி என்று மற்றவர்கள் சொல்லிக்கொண்டே இருப்பார்கள், அவளோ பக்கத்தில் நிற்கும் சதிகாரனைக் கடைசி அத்தியாயம்வரை கண்டுபிடிக்கமாட்டாள்.

அப்புறம், பாதியில் விடுவது பாவம் இல்லை. கால்வாசி தாண்டியும் அடுத்து என்ன என்ற கேள்வி உங்களுக்குள் எழவில்லை என்றால் மூடிவிடலாம். ஆனால் எந்த இடத்தில், எதனால் விட்டீர்கள் என்று ஒரு வரி எழுதி வையுங்கள். நாலு புத்தகத்தை விட்டபிறகு அந்த நாலு வரியைச் சேர்த்துப் பார்த்தால் உங்கள் ருசி உங்களுக்கே புரியும், எந்த விமர்சகரும் அதைச் சொல்லித்தர முடியாது.

ஆறாம் படி: சொந்தமாக ஒரு அபிப்பிராயம் வைத்துக்கொள்வது

இதற்குத்தான் நான் அதிக நேரம் கொடுப்பேன். "பிடிச்சிருந்தது", "மொக்கை" என்பதைத் தாண்டிப் போக, படித்து முடித்தபிறகு சில கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டு பேரும் சேராமல் இருக்கத் தடை எது? இதுதான் முதல் கேள்வி. அந்தத் தடை ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசினால் தீர்ந்துவிடும் என்றால் நாவலின் அஸ்திவாரம் பலவீனம். அலி ஹேசல்வுட்டின் 'தி லவ் ஹைபாதிசிஸ்' (2021) ஆய்வகத்தில் நடக்கிற பொய்க் காதல் கதை, படிக்கப் படு ஜாலி, ஆய்வு மாணவர்களின் அவஸ்தையும் நன்றாகவே வந்திருக்கிறது. ஆனால் நடுப்பகுதி முழுக்க "ஏம்மா, வாயைத் திறந்து சொல்லேன்" என்று கத்தத் தோன்றும். எமிலி ஹென்றியின் 'புக் லவர்ஸ்' (2022) வேறு மாதிரி. நோரா என்ற இலக்கிய முகவர், மற்றவர்களின் காதல் கதைகளில் கைவிடப்படுகிற அந்த வேலைவெறி பிடித்த நகரத்துப் பெண் தான்தான் என்று அவளுக்கே தெரியும். அவளுடைய தடை தங்கை மேல் வைத்திருக்கும் பொறுப்பு, எதையும் கைவிடத் தெரியாத குணம். பேசித் தீர்க்க முடியாதது, மாறித்தான் தீரவேண்டும். அதனால் அந்த முடிவுக்கு ஒரு கனம் இருக்கிறது. இந்த வகையில் சமீப வருடங்களில் நான் படித்ததில் இதையே முதலில் வைப்பேன்.

கடைசிக் கால்பகுதியில் ஒரு பிரிவு வரும், கிட்டத்தட்ட எல்லா ரொமான்ஸிலும். அந்தப் பிரிவு கதாபாத்திரத்திலிருந்து வந்ததா, அல்லது இன்னும் அறுபது பக்கம் மிச்சம் இருக்கிறதே என்று ஆசிரியர் கொண்டுவந்து போட்டதா? முன்னூறு பக்கம் பொறுமையாக இருந்தவன் திடீரென்று ஒரு அரைகுறை வாக்கியத்தைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போனால் அது இரண்டாவது வகை.

ஃபேன்டஸி பக்கம் வந்தால், மாயத்துக்கு விலை உண்டா என்று பாருங்கள். ரேச்சல் கில்லிக்கின் 'ஒன் டார்க் விண்டோ' (2022) இதில் ரொம்ப ஒழுங்கு. பன்னிரண்டு வகை மாயச் சீட்டுகள், ஒவ்வொன்றும் ஒரு சக்தி தரும், அதிக நேரம் பயன்படுத்தினால் ஒவ்வொன்றும் ஒரு தண்டனை தரும். நாயகி எல்ஸ்பெத்தின் தலைக்குள் 'நைட்மேர்' என்று ஒரு பழைய ஜீவன் குடியிருக்கிறது, அவள் அதன் உதவியைக் கேட்கும் ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் பலமாகிறது, அவள் கொஞ்சம் குறைகிறாள். ஆபத்து உள்ளேயே இருப்பதால் ஒவ்வொரு வெற்றியும் பயமாக இருக்கிறது. இதில் வரும் காதலனைவிட நைட்மேரின் வசனங்கள்தான் மனதில் நிற்கின்றன. விலையே இல்லாமல், உணர்ச்சிவசப்பட்டவுடன் நாயகிக்குப் புதுச் சக்தி பொங்கி வரும் நாவல்களோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

அடுத்தது அதிகாரம். ஐந்நூறு வயது ஃபே பிரபு, பத்தொன்பது வயதுப் பெண் என்பது இந்த வகையில் சகஜமாகிவிட்டது. வயதைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது, அவளால் "வேண்டாம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போக முடியுமா என்பது. நாயகன் பொறாமையில் இன்னொருவன் கையை உடைப்பதை ஆசிரியர் காதலாகக் காட்டுகிறாரா, பிரச்சினையாகக் காட்டுகிறாரா? இரண்டுமே எழுதலாம், எது என்று ஆசிரியருக்குத் தெரிந்திருக்கவேண்டும். மாஸின் முதல் இரண்டு பாகங்களையும் அடுத்தடுத்துப் படித்தால் முதல் பாகத்தில் காதல் என்று நாம் ஏற்றுக்கொண்ட சிலவற்றை இரண்டாம் பாகம் திரும்பிப் பார்த்துக் கேள்வி கேட்கும். அந்தத் தொடரில் எனக்கு உரைநடை அவ்வளவு பிடிக்காது, ஒரே உடலசைவுகள் திரும்பத் திரும்ப வரும், ஆனால் அந்தக் கேள்விக்காக அவருக்கு மதிப்பு உண்டு.

உலகம் அழியப்போகிறது என்ற பதற்றம் கட்டாயமா என்றும் யோசியுங்கள். ட்ராவிஸ் பால்ட்ரீயின் 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' (2022) என்ற நாவலில் வாள் சண்டை போட்டு அலுத்த விவ் என்ற ஆர்க் (ஃபேன்டஸிக் கதைகளில் வரும் முரட்டு உருவமுள்ள ஒரு இனம்) பெண் ஒரு காபிக்கடை திறக்கிறாள். கடை ஓடுமா என்பதுதான் பெரும்பாலும் கதையின் பதற்றம், கூடவே மெல்ல வளரும் ஒரு காதல். ஆசிரியர் முதலில் தானே வெளியிட்டார், அதே வருடம் டோர் பதிப்பகம் எடுத்துக்கொண்டது. சுயவெளியீடு என்றாலே மட்டம் என்று நினைப்பவர்கள் இதைக் கவனிக்கவும். சிலருக்கு இது சப்பென்று இருக்கும், அதுவும் நியாயம்தான். எனக்கு வேலை முடிந்து களைத்து வந்த மாலைகளுக்கு இதுவே போதும்.

ஏழாம் படி: எந்த வரிசையில் படிப்பது

ஒரே மூச்சில் மூன்று தடித் தொடர்களை எடுக்காதீர்கள், மூன்றாவதில் யார் எந்த ராஜ்யம் என்று கலந்துவிடும். காதல் முக்கியம், மாயம் பழக்கமில்லை என்றால் 'புக் லவர்ஸ்', பிறகு 'டிவைன் ரைவல்ஸ்', பிறகு 'ஃபோர்த் விங்'. மாயம் முக்கியம், காதல் கொஞ்சம் போதும் என்றால் 'அப்ரூட்டட்', பிறகு 'ஒன் டார்க் விண்டோ', பிறகு 'தி ஜாஸ்மின் த்ரோன்'. படபடப்பே வேண்டாம் என்பவர்கள் 'லெஜண்ட்ஸ் அண்ட் லாட்டேஸ்' முடித்துவிட்டு எமிலி வைல்டிடம் போகலாம். எல்லோரும் பேசுகிறார்களே என்று மாஸில் நேராகக் குதிக்க விரும்புகிறவர்கள் குதிக்கலாம், தப்பில்லை. முதல் பாகம் சுமாராகத் தோன்றினாலும் இரண்டாவதின் முதல் நூறு பக்கம்வரை பொறுத்துப் பாருங்கள், அந்தத் தொடரின் ரசிகர்கள் பெரும்பாலும் அங்கேதான் உருவாகிறார்கள். அதற்குப் பிறகும் இழுக்கவில்லை என்றால் மிச்சத்தை இரவல் கொடுத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள்.